வைட்டமின் ஏ களிம்புகள் பாக்டீரியாவைக் கொல்கின்றனவா? முகப்பரு நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

முகப்பருவிற்காக மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயின் என்ற பெயரை நீங்கள் கண்டிருக்கலாம். ட்ரெட்டினாயின் என்பது நம் உடல் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாக்கிக்கொள்ளும் அமிலம். அடாபலீன் அதன் செயலைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்து. இவ்வகை மருந்துகள் அனைத்தும் ரெட்டினாய்டுகள் எனப்படுகின்றன.

புறநோயாளிப் பிரிவில் இம்மருந்துகளைப் பற்றி எங்களிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. "இதுவே கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, பிறகு எதற்கு இன்னொரு மருந்து?" என்பது ஒன்று. "கிருமியைக் கொல்லாத களிம்பை ஏன் மாதக்கணக்கில் பூச வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கான சுருக்கமான விடை இது: மருந்துக் கடையில் கிடைக்கும் ரெட்டினாய்டு களிம்புகள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் அல்ல. ஆயினும் அவற்றைத் தொடர்ந்து பூசும் தோலில் பருவை உண்டாக்கும் பாக்டீரியா பெருகுவதற்கான சூழல் குறைகிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் புரிந்துகொள்வது உங்கள் முகத்திற்கு மட்டுமன்றி, நாளை உங்கள் வீட்டில் ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்து வேலை செய்வதற்கும் தேவையானது.

முகப்பருவில் பாக்டீரியாவின் பங்கு என்ன?

முகம், மார்பு, முதுகு ஆகிய பகுதிகளின் மயிர்க்கால்களுடன் எண்ணெய்ச் சுரப்பிகள் இணைந்துள்ளன. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இச்சுரப்பிகள் அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. அதே வேளையில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த நுண்ணடைப்பே ஒவ்வொரு பருவின் தொடக்கமும் ஆகும். கரும்புள்ளியும் வெண்ணிற முனையுடைய சிறு பருவும் இதன் அடுத்த நிலைகள்.

அடைபட்ட மயிர்க்காலுக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும். காற்று குறைவாக இருக்கும். கியூட்டிபாக்டீரியம் அக்னெஸ் என்ற பாக்டீரியாவிற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ஆக்சிஜன் குறைந்த சூழலில் அது நன்கு வளரும். எண்ணெயே அதற்கு உணவு. அந்த எண்ணெயை அது உடைக்கும்போது உண்டாகும் பொருள்களும், அதன் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளும் உடலின் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுகின்றன. அதன் விளைவே சிவப்பு, வலி, வீக்கம், சீழ் ஆகியவை.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த பாக்டீரியா வெளியிலிருந்து வந்து தொற்றியது அன்று. பரு இல்லாதவர்களின் தோலிலும் அது இயல்பாகவே வாழ்கிறது. எனவே முகப்பரு என்பது அழுக்கினால் வருவதோ பிறரிடமிருந்து ஒட்டிக்கொள்வதோ இல்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை முகம் கழுவுவதால் அது தீராது. பாக்டீரியாவை அடியோடு ஒழிப்பதும் சிகிச்சையின் நோக்கம் அன்று. அது பெருகிக் கேடு விளைவிக்கும் சூழலை மாற்றுவதே நோக்கம்.

ரெட்டினாய்டு அந்தச் சூழலை எவ்வாறு மாற்றுகிறது?

பூசப்பட்ட ரெட்டினாய்டு தோல் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளுடன் இணைந்து, செல்கள் வளர்ந்து உதிரும் முறையைச் சீராக்குகிறது. ஒட்டிக்கொண்டிருந்த இறந்த செல்கள் பிரிந்து வெளியேறுகின்றன. நுண்ணடைப்பு தளர்கிறது, புதிய அடைப்பு உருவாவதும் குறைகிறது. மயிர்க்கால் திறந்தவுடன் எண்ணெய் தேங்காமல் வெளியேறுகிறது, காற்றும் உட்புகுகிறது. உணவும் உறைவிடமும் சுருங்கிய நிலையில் பாக்டீரியாவின் பெருக்கம் தானாகவே கட்டுப்படுகிறது. மேலும், திறந்த மயிர்க்காலுக்குள் உடன் பூசப்படும் பிற மருந்துகளும் எளிதில் சென்று சேர்கின்றன.

இரண்டாவது செயல் அழற்சியைத் தணிப்பதாகும். பாக்டீரியாவை அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்பும் ஏற்பிகள் நம் எதிர்ப்புச் செல்களில் உள்ளன. ரெட்டினாய்டுகள் அவற்றுள் முக்கியமான ஒன்றின் அளவைக் குறைக்கின்றன. ஆகவே பாக்டீரியா இருந்தாலும் தோல் அதற்குக் காட்டும் மிகையான எதிர்வினை மட்டுப்படுகிறது.

தேங்கிய குட்டையில் கொசு பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து தெளித்தால் கொசு இன்று சாகும்; குட்டை இருக்கும்வரை மீண்டும் வரும். குட்டையை வடித்துவிட்டால் கொசு முட்டையிட இடமே இராது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செய்வது முதல் வேலை. ரெட்டினாய்டு செய்வது இரண்டாவது வேலை. குட்டை வடிய நாளாகும் என்பதே ரெட்டினாய்டின் பலன் தாமதமாகத் தெரிவதற்கும் காரணம்.

"நேரடியாகக் கொல்லும்" என்ற செய்தி எங்கிருந்து வந்தது?

இச்செய்தி முற்றிலும் பொய்யானது அன்று. ஆனால் அது பேசுவது வேறு மருந்துகளைப் பற்றி. 2018ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் ஏறத்தாழ 82,000 செயற்கை மூலக்கூறுகளைச் சோதித்தனர். பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவால் பாதிக்கப்பட்ட, 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களை எவை காப்பாற்றுகின்றன என்று பார்த்தனர். தேறியவற்றுள் இரண்டு செயற்கை ரெட்டினாய்டுகள் இருந்தன. அவை பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, பிற மருந்துகளுக்கு அகப்படாமல் உறங்கும் நிலையில் உள்ள பாக்டீரியாவையும் கொன்றன. அவற்றுள் ஒன்று அடாபலீனுக்கு அமைப்பில் மிக நெருக்கமானது.

நெருக்கமானது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. மூலக்கூறில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமும் மருந்தின் செயலையும் நச்சுத்தன்மையையும் மாற்றிவிடும். சோதனையில் பயன்பட்ட அந்த மூலக்கூறுகள் முகப்பருக் களிம்பாக விற்கப்படுபவை அல்ல. எனவே அந்த ஆய்வைக் காட்டி, கையில் உள்ள அடாபலீன் குழாயைப் புண்ணுக்கும் கட்டிக்கும் பூசலாம் என்று எவரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த மற்றோர் ஆய்வும் பலரால் பேசப்பட்டது. எலிகளின் தோல், பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு புரதத்தைத் தானே உருவாக்குகிறது என்றும், உணவில் வைட்டமின் ஏ இல்லாதபோது அப்புரதம் உருவாவதில்லை என்றும் அது காட்டியது. தோலின் தற்காப்பிற்கும் வைட்டமின் ஏ-க்கும் உள்ள தொடர்பை இது விளக்குகிறது. ஆனால் பருவிற்காக வைட்டமின் ஏ மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்குவதற்கு இது ஆதாரம் ஆகாது. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ உடலில் தங்கிக் கல்லீரலைப் பாதிக்கும். கருவிற்குக் குறைபாடு உண்டாக்கும். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவற்றை வழக்கமான உணவில் சேர்ப்பது நல்லது. அவை களிம்பிற்கு மாற்று ஆகமாட்டா.

இந்த வேறுபாடு இப்போது ஏன் முக்கியமாகிறது?

முகப்பருவிற்குப் பூசப்படும் கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், அதாவது ஆன்டிபயாடிக்குகள். இவற்றைத் தனியாக நெடுநாள் பூசும்போது எளிதில் சாகும் பாக்டீரியா மறைந்து, மருந்திற்கு அடங்காதவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. முகப்பரு பாக்டீரியாவில் இத்தகைய எதிர்ப்புத்திறன் 1970களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. எரித்ரோமைசின் பூச்சு இன்று பயன் குன்றிவிட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். மருந்திற்கு அடங்காத பாக்டீரியா, நோயாளியுடன் நெருங்கி வாழும் குடும்பத்தினரின் தோலிலும் காணப்பட்டுள்ளது.

பருவிற்காகப் பூசும் மருந்து பருவின் பாக்டீரியாவை மட்டும் தொடுவதில்லை என்பது இதைவிடக் கவலைக்குரியது. அதே தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளும் அம்மருந்தை எதிர்கொண்டு பழகுகின்றன. மருத்துவமனைகளில் எலும்புத் தொற்றுக்கும் ஆழமான தோல் தொற்றுக்கும் ஊசி வழியாகச் செலுத்தப்படுவது அதே கிளிண்டாமைசின்தான். முகத்தில் வீணடித்த மருந்து, பின்னர் உயிருக்குப் போராடும்போது கைகொடுக்காமல் போகலாம். மருந்திற்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக ஏற்பட்ட இறப்புகள் 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்திய அரசு இச்சிக்கலுக்கான முதல் தேசியச் செயல்திட்டத்தை 2017இலும் இரண்டாவது செயல்திட்டத்தை 2025 நவம்பரிலும் வெளியிட்டது.

ரெட்டினாய்டு பாக்டீரியாவைக் குறிவைத்துக் கொல்வதில்லை. தோலின் நடத்தையை மாற்றுகிறது. எனவே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் போல அது எதிர்ப்புத்திறனை வளர்ப்பதில்லை. பலவீனம் என்று பலர் கருதும் இப்பண்பே அதை மாதக்கணக்கில் பூச இயலும் மருந்தாக ஆக்குகிறது. 2024ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலும் ரெட்டினாய்டு, பென்சாயில் பெராக்சைடு ஆகிய பூச்சுகளை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தனியாகப் பூசுவதை ஏற்கவில்லை.

எங்களிடம் வரும் இளையோரிடம் ஒரு போக்கைத் தொடர்ந்து காண்கிறோம். கடையில் கேட்டு வாங்கிய கிளிண்டாமைசின் ஜெல்லை மாதக்கணக்கில் பூசியிருப்பார்கள். அது எரிச்சல் தருவதில்லை, முதல் சில வாரங்களில் பருவும் குறையும். மருத்துவர் எழுதித் தந்த ரெட்டினாய்டையோ எரிச்சல் கண்டு ஐந்தாம் நாளே நிறுத்தியிருப்பார்கள். நெடுநாள் பூச வேண்டியதை நிறுத்தி, விரைவில் நிறுத்த வேண்டியதைத் தொடர்வது என்ற இந்தத் தலைகீழ் வழக்கம் மாற வேண்டும்.

உங்கள் மருந்துச் சீட்டை இவ்வாறு புரிந்துகொள்ளுங்கள்

ரெட்டினாய்டு: சிகிச்சையின் அடித்தளம். பரு குறைந்த பின்னரும், மீண்டும் வராமல் தடுப்பதற்காக இதைத் தொடருமாறு மருத்துவர் கூறுவார்.

பென்சாயில் பெராக்சைடு: ஆக்சிஜன் சார்ந்த வினையால் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வது. பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டும் இதற்கு எதிராக எதிர்ப்புத்திறன் வளரவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துடன் இதைச் சேர்த்துத் தருவதன் நோக்கமும் எதிர்ப்புத்திறனைத் தடுப்பதே. இது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். எனவே வெள்ளைத் துண்டையும் தலையணை உறையையும் பயன்படுத்துங்கள். வெப்பத்தில் இது சிதைந்து பென்சீன் என்ற தீய பொருளை உண்டாக்கக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்து, 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது; சில தயாரிப்புகள் மட்டும் திரும்பப் பெறப்பட்டன. அச்சம் தேவையில்லை. ஆனால் வண்டியிலோ வெயில் படும் சன்னலிலோ வைக்காதீர்கள், காலாவதியானதைப் பூசாதீர்கள்.

கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து: சீழும் சிவப்பும் உள்ள பருக்களுக்குக் குறுகிய காலத் துணை. பொதுவாக 3 மாதங்களுக்கு மேல் தொடர்வதில்லை. சீட்டில் இது மட்டுமே இருந்தால், "உடன் வேறு பூச்சு வேண்டாமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கிளிண்டாமைசினும் அடாபலீனும் ஒரே குழாயில் கலந்து விற்கப்படுவதும் உண்டு. அத்தகைய கலவையையும் மருத்துவர் கூறிய காலத்திற்கு மேல் நீங்களாக நீட்டிக்க வேண்டாம்.

பூசும் முறை

1. இரவில் மென்மையான சோப்பு அல்லது முகக் கழுவியால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, 20 முதல் 30 நிமிடங்கள் முகம் நன்கு உலர விடுங்கள். ஈரமான தோலில் எரிச்சல் மிகும்.

2. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். அடுத்து வரவிருக்கும் பருக்களின் நுண்ணடைப்பு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது.

3. கண்களைச் சுற்றியும், உதட்டு ஓரத்திலும், மூக்கின் மடிப்பிலும், வெடிப்போ காயமோ உள்ள இடத்திலும் பூச வேண்டாம்.

4. முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். தோல் பழகியபின் நாள்தோறும் பூசலாம். உடன் வாசனையற்ற ஈரப்பதக் கிரீம் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

5. பகலில் வெயில் காப்புக் கிரீமும் குடை அல்லது தொப்பியும் தேவை. ட்ரெட்டினாயின் ஒளியில் சிதையக்கூடியது. பென்சாயில் பெராக்சைடும் அதைச் சிதைக்கும். எனவே மருத்துவர் கூறினாலன்றி இரண்டையும் ஒரே வேளையில் பூச வேண்டாம். அடாபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

6. முகத்தைத் தேய்க்கும் ஸ்கிரப், மெழுகு கொண்டு முடி நீக்குதல், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைத் தவிருங்கள்.

முதல் சில வாரங்களில் வறட்சி, சிவப்பு, லேசான எரிச்சல், தோல் உரிதல் ஆகியவை பலருக்கும் ஏற்படும். சிலருக்குப் பரு சற்று மிகுவது போலவும் தோன்றும். இவை பெரும்பாலும் தாமே தணியும். தாங்க இயலாவிட்டால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்குங்கள். பலனைக் கணிக்க 8 முதல் 12 வாரங்கள் தேவை. பருவ வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த இடைக்காலத்தில் "இத்தனை பூசியும் போகவில்லையே" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் மருந்தைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

யார் பூசக் கூடாது?

கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு களிம்புகளைத் தவிர்க்க வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் கருவிற்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட ஒன்று. களிம்பிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவே. எனினும் முன்னெச்சரிக்கையாக, கர்ப்ப காலத்தில் களிம்பும் கூடாது என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2018இல் அறிவுறுத்தியது. அறியாமல் பூசிவிட்டிருந்தால் பதற வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, அடுத்த கர்ப்பகாலப் பரிசோதனையில் மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தெரிவியுங்கள். பாலூட்டும் தாய்மார்களும், கரப்பான் உள்ளவர்களும், 12 வயதிற்குக் குறைந்த பிள்ளைகளும் மருத்துவரின் அறிவுரையின்றிப் பூசக் கூடாது.

எவற்றுக்கு இக்களிம்பு உதவாது?

வேனல் கட்டி, குழந்தைகளின் முகத்தில் தேன் நிறப் பொருக்குடன் வரும் சீழ்ப்புண், காயத்தில் ஏற்படும் தொற்று ஆகியவற்றுக்கு ரெட்டினாய்டு களிம்பு பயன்படாது. புண்பட்ட தோலில் அது எரிச்சலையே கூட்டும். நீரிழிவு நோயாளிக்கு முதுகிலோ பிடரியிலோ பல வாய்களுடன் கட்டி தோன்றினால் அது ராஜபிளவையாக இருக்கலாம். அதற்குக் களிம்பு தேடி ஒரு நாளையும் வீணாக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

நிறம் கூட்டுவதாகச் சொல்லப்படும் கலவைக் கிரீம்களிலும் எச்சரிக்கை தேவை. மங்கு எனப்படும் கருந்திட்டுகளுக்காகத் தயாரிக்கப்படும் சில கிரீம்களில் ட்ரெட்டினாயினுடன் ஹைட்ரோகுயினோனும் மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அவை மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் மட்டும் பூசத் தக்கவை. "வைட்டமின் ஏ உள்ளது" என்று நம்பி நாள்தோறும் பூசினால், ஸ்டீராய்டின் விளைவாகத் தோல் மெலியும். இரத்த நாளங்கள் வெளித்தெரியும். முகத்தில் முடி வளரும். முன்பைவிடக் கடுமையான பருவும் வரும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். குழாயின் மேல் அச்சிட்டுள்ள மருந்துகளின் பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பரு ஆழமான, வலிமிக்க முடிச்சுகளாக வந்தாலோ தழும்பு விழத் தொடங்கினாலோ 12 வாரங்கள் முறையாகப் பூசியும் பலன் இல்லாவிட்டாலோ தோல் மருத்துவரை அணுகுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையோ முகத்தில் முடி வளர்ச்சியோ பருவுடன் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள பருவைக் கிள்ளியபின் காய்ச்சல், கண் இமை வீக்கம், கடும் தலைவலி ஏற்பட்டால் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பருவின் காரணமாக வெளியில் வரவே தயங்கி, மனம் சோர்ந்திருக்கும் பிள்ளையை அழைத்து வருவதற்கும் தயங்க வேண்டாம். அதுவும் மருத்துவரிடம் சொல்லத் தக்க காரணமே.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உள்ள தோல் நோய்ப் பிரிவுகளில் முகப்பருவிற்கான ஆலோசனையும் சிகிச்சையும் பெறலாம். வரும்போது இதுவரை பூசிய எல்லாக் குழாய்களையும், காலியானவை உட்பட, உடன் எடுத்து வாருங்கள். எந்த மருந்தை எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை அறிந்தால், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முதல் நாளிலேயே உங்களுக்குச் சொல்ல இயலும்.